வெறும் பாத்திரங்கள்: திருவருகைக் காலத்தில் தன்னை வெறுமையாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விவிலியத்தில், அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகிறார். கணவர் இறந்துவிட்டார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்கக் காத்திருக்கிறான். வீட்டில் இருப்பது ஒரு கலயம் எண்ணெய் மட்டும். இறைவாக்கினர் எலிசா அவரிடம், அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கடனாகக் கேட்டு வாங்கும்படி சொல்கிறார். நிறைய வாங்க வேண்டும், பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்ற வேண்டும். அவர் ஊற்ற ஊற்ற எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது. "இன்னொரு பாத்திரம் கொண்டு வா" என்று மகனைக் கேட்கிறார். "இனிப் பாத்திரம் இல்லை" என்கிறான். அந்த நொடியில் எண்ணெய் நின்றுவிடுகிறது.

எண்ணெய் தீர்ந்ததால் அது நிற்கவில்லை, வெறும் பாத்திரம் தீர்ந்ததால் நின்றது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களில் நான் ஒவ்வோர் ஆண்டும் திரும்பிப் போகும் இடம் இது. கொடுப்பவரிடம் ஒருநாளும் குறை இருந்ததில்லை. அவர் ஊற்றுவதற்கு என்னிடம் காலி இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது என்பதை, செய்து பார்த்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். கத்தோலிக்கர் இதைத் திருவருகைக் காலம் என்பார்கள், மற்றச் சபைகளில் அட்வென்ட் என்ற பெயரும் உண்டு. பெயர் எதுவானாலும் வழி ஒன்றுதான்.

முதலில் அந்தச் சொல்

'வெறுமையாக்குதல்' என்ற எண்ணம் பிலிப்பியர் 2:6-7இலிருந்து வருகிறது. கடவுள் வடிவில் விளங்கிய கிறிஸ்து, கடவுளுக்கு இணையாயிருக்கும் நிலையை வலிந்து பற்றிக்கொள்ளவில்லை; "தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்று மனிதருக்கு ஒப்பானார்" என்று பவுல் எழுதுகிறார். இந்த வெறுமையாக்குதலைக் கிரேக்கத்தில் 'கெனோசிஸ்' என்பார்கள்.

அந்த வரியைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். எதையோ கழற்றி எறிந்தார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வெறுமையாக்கினார் என்று சொன்ன உடனே, 'ஏற்று' என்று வருகிறது. இறைத்தன்மையை எங்கோ விட்டுவிட்டு அவர் வரவில்லை. அடிமையின் வடிவை ஏற்றதே அவர் தம்மை வெறுமையாக்கிய விதம். நம் பயிற்சிக்கும் இதுதான் அடிப்படை. எதை விடுகிறோம் என்பதோடு, அதன் வழியாக யாரை, எதை ஏற்கிறோம் என்பதையும் ஒவ்வொரு படியிலும் பார்த்தாக வேண்டும். ஏற்பது ஒன்றும் இல்லாவிட்டால், விடுவது வெறும் மனவலிமைப் போட்டியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பவுல் இதை இறையியல் பாடமாக எழுதவில்லை. சிறையில் இருந்துகொண்டு, போட்டியும் பிணக்கும் புகுந்த ஒரு சபைக்கு எழுதுகிறார். அதே கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், ஒத்துப்போகாத இரண்டு பெண்களைப் பெயர் சொல்லியே கெஞ்சிக் கேட்கிறார். ஆக, இது தனி அறையில் கண்ணை மூடி உட்கார்வதோடு முடிவதில்லை. பக்கத்தில் இருக்கும் மனிதரோடு எப்படி வாழ்கிறோம் என்பதில்தான் முடியும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்

இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கியது அவரே விரும்பிச் செய்தது, வேறு யாரும் அவரிடமிருந்து பறித்ததல்ல. வீட்டிலோ வேலையிலோ ஒருவர் உங்களை மிதித்துக்கொண்டிருந்தால், அதைச் சகித்துக்கொள்வதற்குத் 'தன்னை வெறுமையாக்குதல்' என்று பெயர் வைக்காதீர்கள், மற்றவர் வைக்கவும் விடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பாதுகாப்பும் உதவியும். தன்னையே வெறுப்பதும் இதில் சேராது.

அண்மையில் ஒருவரை இழந்தவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் ஏற்கெனவே வெறுமையான வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் புதிதாக எதையும் விட வேண்டாம். பின்னால் வரும் படிகளில் மௌனத்தையும், டிசம்பர் 17க்குப் பிறகான மன்றாட்டுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நீரிழிவு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், உணவு விஷயத்தில் மனப் போராட்டம் உள்ளவர்கள் உணவு நோன்பைத் தவிர்க்கட்டும். விடுவதற்கு உணவைத் தவிர எவ்வளவோ இருக்கிறது.

நாள் கணக்கு

திருவருகைக் காலம் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்காவது ஞாயிறன்று தொடங்குகிறது. அந்த ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதனால் காலத்தின் நீளம் 22 நாளிலிருந்து 28 நாள்வரை மாறும். 2023இல் டிசம்பர் 25 திங்கள்கிழமை வந்தது, நான்காம் வாரம் என்பது ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது. 'நான்காம் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று எதையும் தள்ளி வைக்காதீர்கள்.

டிசம்பர் 16 வரையான வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டவரின் இறுதி வருகையையும் திருமுழுக்கு யோவானையும் பற்றியவை. 17ஆம் தேதியிலிருந்து பெத்லகேமை நோக்கித் திரும்பும். இந்த வழிகாட்டியும் அங்கேதான் திசை மாறுகிறது: 16 வரை இடம் ஒதுக்குவது, 17 முதல் அழைப்பது.

இது நோன்புக் காலமா, மகிழ்ச்சிக் காலமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும்தான். 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் நாளிலிருந்து (நவம்பர் 11) கிறிஸ்து பிறப்புவரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு வைக்கச் சொன்னார். கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் 40 நாள் நோன்பு உண்டு. ஆனால் கத்தோலிக்க வழிபாட்டைப் பாருங்கள்: ஊதா உடை, ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' பாடல் இல்லை, அல்லேலூயா மட்டும் அப்படியே இருக்கிறது. தவக்காலத்தில் அல்லேலூயாவும் நின்றுவிடும். வானதூதர்கள் பெத்லகேமில் பாடிய பாட்டை அந்த இரவுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மகிழ்ச்சியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது வழிபாடு. நம்முடைய வெறுமையும் அதே சாயலில் இருக்கட்டும்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

முதல் ஞாயிறுக்கு முந்தைய மூன்று மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு தாள், ஒரு பேனா, 20 நிமிடம். கடவுளின் ஒளியைக் கேட்டு ஒரு சிறிய மன்றாட்டு. பிறகு முதல் மாலையில், காலையில் கண் விழித்ததும் உங்கள் மனம் எங்கே ஓடுகிறது என்று எழுதுங்கள். இரண்டாம் மாலையில், எதை யாராவது தொட்டால் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது என்று எழுதுங்கள். மூன்றாம் மாலையில், யாருடைய பாராட்டுக்காக உள்ளுக்குள் காத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

எதையும் திருத்த முயல வேண்டாம், தீர்மானங்களும் வேண்டாம். எழுதுவது மட்டும். இலொயோலா இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம ஆய்வு, நன்றி சொல்வதில்தான் தொடங்குகிறது. அதனால் தாளின் மேல்பகுதியில் அன்று கிடைத்த ஒரு நன்மையை எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள். இல்லாவிட்டால் இந்தத் தாள் குற்றப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம் மாலை முடிந்ததும் தாளில் ஒன்றே ஒன்றுக்கு அடிக்கோடு போடுங்கள். இந்த ஆண்டு அது போதும். நான் முதல் ஆண்டில் ஏழு விஷயங்களைக் குறித்தேன். இரண்டாம் வாரத்திலேயே களைத்துப்போய், வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில்தான் ஏதாவது நகர்ந்தது.

இரண்டாம் படி: வாய் மூடுவது

லூக்கா தம் நற்செய்தியை ஒரு மௌனத்தோடு தொடங்குகிறார். குரு செக்கரியா தூபம் காட்டக் கோவிலுக்குள் போகிறார், வானதூதர் மகன் பிறப்பான் என்கிறார், செக்கரியா நம்பவில்லை. வெளியே வரும்போது பேச்சு இல்லை. குழந்தை பிறந்து எட்டாம் நாள்வரை அப்படியே. மக்கள் அவரிடம் சைகையால் கேட்டார்கள் என்று எழுதியிருப்பதால், அவருக்குக் காதும் கேட்கவில்லை என்று விளக்குபவர்கள் உண்டு.

இதைத் தண்டனை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. மக்கள் முன் நின்று பேசியே பழகிய ஒரு குரு, தன் வாழ்நாளின் மிகப் பெரிய செய்தியைக் கேட்ட பிறகு, அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாமல் மாதக்கணக்கில் அதைச் சுமக்கிறார். வீட்டில் எலிசபெத்தின் வயிறு வளர்கிறது, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டு அவிழ்ந்ததும் அவர் வாயிலிருந்து வந்தது விளக்கமோ முறையீடோ இல்லை, புகழ்ச்சி. காலை மன்றாட்டில் திருச்சபை இன்றுவரை தினமும் பாடுவது அதைத்தான்.

முதல் வாரத்தில் தினமும் 15 நிமிடம் மௌனம். காலையில் முதல் வேலையாக இருந்தால் நல்லது. கைபேசியை அணைத்து வைத்தால் போதாது, வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதுகு நேராக, உள்ளங்கைகள் மடியில் மேல்நோக்கித் திறந்திருக்க, உட்காருங்கள். "மாரநாதா" என்ற சொல்லை மனத்துக்குள் மெதுவாகச் சொல்லலாம். 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்று பொருள்படும் அரமேயச் சொல் அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தை முடிக்கும் இடத்தில் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார். இயேசுவின் முதல் சீடர்கள் பேசிய மொழியிலேயே நாமும் அழைக்கிறோம்.

மனம் ஓடும். கட்டாயம் ஓடும். இன்றைய வேலை, நேற்றைய சண்டை, வாங்க வேண்டிய பொருள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நினைவே வராமல் மனத்தைத் துடைத்து வைப்பது இந்தப் பயிற்சியின் நோக்கம் இல்லை. எண்ணம் வந்ததைக் கவனித்த நொடியில், அதோடு சண்டை போடாமல், மறுபடி அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள். 15 நிமிடத்தில் 40 முறை திரும்பினால், 40 முறை கடவுளிடம் திரும்பியிருக்கிறீர்கள். 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற உணர்வோடு எழுந்திருக்கும் நாள்கள்தான் அதிகம் இருக்கும். அந்த நாள்களை மோசமான நாள்களாக எண்ண வேண்டாம்.

அந்த 15 நிமிடம் மற்ற நேரத்துக்குள்ளும் கசிய வேண்டும். இந்த வாரத்தில் மூன்று சின்னப் பழக்கங்களை முயன்று பாருங்கள். அடுத்தவர் பேசும் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். வாக்குவாதத்தில் கடைசி வார்த்தையை அவருக்கே விட்டுவிடுங்கள். உங்கள் மீது சொல்லப்பட்ட ஒரு சிறிய தவறான கருத்துக்கு, யாருக்கும் கேடு இல்லாத பட்சத்தில், விளக்கம் கொடுக்காமல் இருங்கள். இந்த மூன்றாவது, எனக்குத் தெரிந்த எந்த உணவு நோன்பைவிடவும் கடினமானது.

மூன்றாம் படி: கையைத் திறப்பது

யோர்தான் கரையில் மக்கள் யோவானிடம், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது: இரண்டு அங்கிகள் உள்ளவர் இல்லாதவரோடு பகிரட்டும், உணவு உள்ளவரும் அப்படியே. வரி தண்டுவோருக்கு, குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள். படைவீரருக்கு, மிரட்டிப் பணம் பறிக்காமல் சம்பளத்தோடு நிறைவாய் இருங்கள். பாலைவனத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்ந்த மனிதர், யாரையும் பாலைவனத்துக்கு வரச் சொல்லவில்லை. அவரவர் வேலையில் இருந்தே கையைத் திறக்கச் சொன்னார்.

இரண்டாம் வாரத்தில் உங்களிடம் இரண்டாக இருக்கும் ஒன்றைத் தேடி எடுங்கள். பழையதை ஒழித்துக்கட்டுவது இதில் சேராது. நீங்கள் இன்றும் பயன்படுத்தும், நல்ல நிலையில் உள்ள ஒன்று. முடிந்தால் நேரில் கொடுத்து, வாங்குபவரின் பெயரைத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள். அந்த மனிதரை ஏற்பதுதான் இங்கே நாம் ஏற்கும் 'வடிவு'. நோன்பு வைப்பவர்கள், தவிர்த்த உணவின் செலவை அன்றே தனியே எடுத்து வைத்து, வார முடிவில் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததைப் படம் எடுக்க வேண்டாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6இல் வருவது, கைபேசி காலத்தில் முன்னைவிட நேரடியாகவே பொருந்துகிறது.

நான்காம் படி: திட்டத்தை விடுவது

பொருளை விடுவது எளிது. 'இப்படித்தான் நடக்க வேண்டும்' என்று மனத்தில் வரைந்து வைத்த படத்தை விடுவதுதான் நெஞ்சைப் பிடுங்கும். இங்கே நமக்கு வழிகாட்டி யோசேப்பு.

அவருடைய திட்டம் தவறான திட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறார். மரியாவை இகழ்ச்சிக்கு ஆளாக்க விரும்பாமல், மறைவாக விலக்கிவிட நினைத்தார். அன்றைய நிலையில் அது இரக்கமுள்ள முடிவு. கடவுள் அவரிடம் கேட்டது ஒரு கெட்ட எண்ணத்தை விடச் சொல்லி அல்ல, ஒரு நல்ல திட்டத்தை விடச் சொல்லி. அவர் தூக்கத்திலிருந்து எழுந்தார், சொன்னபடி செய்தார், மரியாவை ஏற்றுக்கொண்டார். இங்கேயும் அதே 'ஏற்று'. நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை.

வெறுமையாவது என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். மரியா கேட்டார்: "இது எப்படி நிகழும்?" கேட்ட பிறகுதான் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்றார். நீங்களும் கேளுங்கள். கோபமாகக்கூடக் கேளுங்கள், திருப்பாடல்கள் அதற்கு இடம் தருகின்றன.

செய்முறை இது. அடிக்கோடிட்ட அந்த ஒன்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: பிள்ளை இப்படி ஆக வேண்டும், இந்த நோய் இந்த மாதத்துக்குள் தீர வேண்டும், அவர் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், எதுவானாலும். அதைத் திறந்த உள்ளங்கையில் வைத்து உட்காருங்கள். விரல்கள் மூடத் துடித்தால், அதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். "இதை விரும்புகிறேன். இதைவிட உம்மை விரும்ப எனக்குக் கற்றுத் தாரும்" என்பது போன்ற எளிய வாக்கியம் போதும். விருப்பமே இல்லை என்று பாசாங்கு செய்ய வேண்டாம். தினமும் அதே சீட்டு, அதே கை.

அந்தச் சீட்டில் ஒரு மனிதரின் பெயர் இருந்தால், இந்தப் படி மன்னிப்புவரை போகும். கத்தோலிக்கர் மூன்றாம் வாரத்துக்குள் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவ அறிக்கைக்கு) போய்விடுவது நல்லது, கடைசி நாள்களின் நெருக்கடியில் வரிசையில் நின்று அவசரமாக முடிக்க வேண்டியதில்லை. மற்றச் சபையினர் நம்பிக்கைக்குரிய போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். உள்ளே பூட்டி வைத்ததைப் பாதிவரை நம்மால் காலி செய்ய முடியும். மீதியை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டால்தான் இறக்கி வைக்க முடிகிறது.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானிய லூத்தரன் போதகர் 1943இன் திருவருகைக் காலத்தைப் பெர்லினின் தேகெல் சிறையில் கழித்தார். அங்கிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், சிறை அறை திருவருகைக் காலத்துக்கு நல்ல உவமை என்கிறார்: உள்ளே இருப்பவர் காத்திருக்கிறார், நம்புகிறார், அதையும் இதையும் செய்கிறார், ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். திட்டத்தை விட முடியாமல் திணறும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது இதை. 1945 ஏப்ரல் 9 அன்று நாசிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஐந்தாம் படி: 'நான் அல்ல' என்று சொல்வது

எருசலேமிலிருந்து ஆள் அனுப்பி, நீர் யார் என்று யோவானைக் கேட்டார்கள். அவர் சொன்ன முதல் பதில், தாம் யார் இல்லை என்பது. நான் மெசியா அல்ல. எலியாவா? இல்லை. இறைவாக்கினரா? இல்லை. ஒவ்வொரு பதிலும் முன்னதைவிடச் சுருங்கிக்கொண்டே போகிறது. பின்னால் தம் சீடர்களிடம், "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்றார்.

இதை முக்கியமாகச் சபையில் பணி செய்கிறவர்களுக்கு எழுதுகிறேன். பாடற்குழு, குடில் வேலை, ஞாயிறு பள்ளி, நிகழ்ச்சி ஏற்பாடு என்று இந்த நாள்களில் அவர்களுக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை. ஆண்டவருடைய வருகைக்காக ஓடி ஓடி, அவர் வரும்போது உள்ளே நுழைய இடம் இல்லாமல் போவது அவர்களுக்கு எளிதில் நடக்கும். நீங்கள்தான் செய்ய முடியும் என்று எல்லாரும் நம்பும் ஒரு வேலையை, இந்த ஆண்டு இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களைவிடக் கொஞ்சம் மோசமாகச் செய்வார், விடுங்கள். உங்களைவிட நன்றாகச் செய்துவிட்டால் உள்ளே ஏதோ குத்தும். அந்த இடம்தான் காலியாக வேண்டிய இடம்.

அப்புறம், யோவானின் கதை அங்கே முடியவில்லை. சிறையிலிருந்து அவர் இயேசுவிடம் ஆள் அனுப்பி, "வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார். பேர், சீடர்கள், சுதந்திரம் எல்லாம் போன பிறகு, அவருக்கு இருந்த உறுதியும் ஆட்டம் காண்கிறது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று சொல்லி அனுப்புகிறார். மக்களிடம், பெண்களிடம் பிறந்தவருள் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்கிறார். மூன்றாம் வாரத்துக்குள் உங்கள் மன்றாட்டு வறண்டு, 'இதெல்லாம் உண்மைதானா' என்று தோன்றினால், நீங்கள் வழிதவறிவிடவில்லை. யோவானைப் போலக் கேள்வியை நேராக அவரிடமே அனுப்புங்கள். ஆன்மாவின் இருள் இரவைப் பற்றி எழுதிய இன்னொரு யோவான், 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை யோவானின் திருநாள் டிசம்பர் 14 அன்று, சரியாக இந்த நாள்களுக்கு நடுவில் வருவது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கிறது.

பெருக்கிய வீடு காலியாகவே கிடந்தால்

மத்தேயு 12இல் இயேசு ஓர் எச்சரிக்கை தருகிறார். ஒருவரை விட்டுப் போன தீய ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி, அழகுபடுத்தி, ஆள் இல்லாமல் இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது.

இது நிஜமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கைபேசியை விட்டவர், கைபேசி வைத்திருப்பவர்களை இளக்காரமாகப் பார்க்கத் தொடங்குவார். நோன்பு வைத்தவர் மற்றவர் தட்டை எண்ணுவார். விட்ட இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் டிசம்பர் 17இலிருந்து புதிதாக எதையும் விட வேண்டாம் என்கிறேன். இனி அழைப்பது மட்டும்.

அதற்குத் திருச்சபை மிகப் பழைய ஒரு வழியை வைத்திருக்கிறது. டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலை மன்றாட்டில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் 'ஓ' என்று தொடங்கும் ஒரு முன்மொழி பாடப்படும். ஏழு நாளும் ஏழு பெயர்கள்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் 'வாரும்' என்ற அழைப்பைக் கொண்டது. இலத்தீன் மூலத்தில் இந்தப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பி வாசித்தால், 'நாளை வருவேன்' என்ற பொருளில் இரண்டு சொற்கள் கிடைக்கும்.

மாலையில் விளக்கைத் தணித்து, அன்றைய பெயரைச் சொல்லி, முதல் வாரத்தில் பழகிய அதே மௌனத்தில் உட்காருங்கள். பிறகு லூக்கா 1:46-55இல் உள்ள மரியாவின் பாடலை வாய்விட்டு வாசியுங்கள். பசித்தோரை நலன்களால் நிரப்புகிறார், செல்வரை வெறுங்கையராய் அனுப்பிவிடுகிறார் என்ற வரி வரும்போது, உங்கள் கையை ஒருமுறை பாருங்கள். 20ஆம் தேதிக்கான பெயர் தாவீதின் திறவுகோல். எசாயா 22:22இலிருந்து வருவது: அவர் திறந்தால் எவரும் பூட்ட முடியாது. அந்த மாலையில் அந்தத் துண்டுச் சீட்டை மறுபடி கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் கதவுக்கு, சாவி வைத்திருப்பவரை அழைக்கும் மாலை அது.

நடுவில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். நாலு நாள் மௌனம் தவறினால், தவறிய நாள்களை ஈடுகட்டப் பார்க்காமல் அன்றைய நாளிலிருந்து தொடருங்கள். 20ஆம் தேதிதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அன்று மாலைப் பெயரிலிருந்தே தொடங்குங்கள். குடும்பமாகச் செய்ய விரும்பினால் பிள்ளைகளுக்கு 15 நிமிட மௌனம் அதிகம், 2 நிமிடம் தாராளம். நான்கு மெழுகுதிரிகளை வாரம் ஒன்றாக ஏற்றும் வழக்கம்கூட, 1839இல் ஹாம்பர்க்கில் யோஹான் வீஹெர்ன் என்பவர், கிறிஸ்து பிறப்பு எப்போது வரும் என்று நச்சரித்த ஏழைச் சிறுவர்களுக்காகச் செய்த மெழுகுதிரி வளையத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். காத்திருப்பது எல்லாருக்கும் கடினம் என்று தெரிந்தவர் செய்த ஏற்பாடு அது.

டிசம்பர் 24

வேலைகளை மதியத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள். முடியாததை அப்படியே விடுங்கள். மாலையில் 10 நிமிடமாவது குடிலின் முன் தனியாக நில்லுங்கள், குழந்தையை வைப்பதற்கு முன்னால். விடுதியில் இடம் கிடைக்காததால் மரியா அவரைக் கிடத்தியது தீவனத் தொட்டியில். மாட்டுக்கு வைக்கோல் போடும் தொட்டி அது. அதைத் தயார் செய்தவர்கள் யாரும் இல்லை. காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் மாலைகளில் எழுதிய தாளையும் துண்டுச் சீட்டையும் எரிக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம். மடித்துக் குடிலுக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சி விழா முடிந்து குடிலைப் பிரிக்கும்போது அது மறுபடி கைக்கு வரும். அப்போது உட்கார்ந்து வாசியுங்கள். விட்டவற்றில் எவற்றை நன்றியோடு திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எது இனி வேண்டாம், எதற்கு அடுத்த நவம்பரில் அடிக்கோடு போட வேண்டும் என்று அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி, தேதி போட்டு, உங்கள் விவிலியத்துக்குள் வையுங்கள்.